மயக்க வாயுவும் அத்தானின் இதயமும்

சாப்பாட்டு மேசையில் இதயத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அக்கா தன் வீட்டில் போட்டிருந்த சட்டம். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டால் ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா சொன்னது மார்புக்கூட்டுக்குள் கைமுட்டி அளவில் துடித்துக்கொண்டிருக்கும் சதையை. அதை வைத்துத்தான் அவள் கணவரும் அவள் தங்கையும் பல வருஷங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை மயக்க மருத்துவர். நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில், அறுவை அரங்கில், நோயாளியின் தலைமாட்டில் உட்காருகிறவள். அத்தான் மருத்துவர் இல்லை, ஆராய்ச்சியாளர். பல்கலைக்கழகத்தின் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறைதான் அவருடைய ராஜ்ஜியம். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில் முயலின் இதயம் தொங்கும். உடம்பு இல்லாமல், தனியாக, சூடாக்கிய உப்புத் திரவத்தைக் குடித்துக்கொண்டு அது பாட்டுக்குத் துடிக்கும். குழாயைத் திருகித் திரவத்தைக் குறைத்தால், ரத்த ஓட்டம் குறைந்த மனித இதயத்தின் நிலைமை அதற்கும் வந்துவிடும். அந்த நேரத்தில் மயக்க வாயுவைத் திரவத்தோடு கலந்து விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் அத்தானின் பிழைப்பு.

மேல்படிப்புக்காகத் தங்கை கொஞ்ச காலம் அதே அறையில் வேலை பார்த்திருக்கிறாள். அவரை முதன்முதலில் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தவளும் அவள்தான். வந்தவர் அக்காவைக் கட்டிக்கொண்டார். சண்டை மட்டும் தங்கையோடு தொடர்ந்தது.

சண்டை இதுதான். பட்டினி கிடக்கும் இதயத்துக்கு மயக்க வாயு கொடுத்தால், அதன் துடிப்பு இன்னும் தளர்ந்துபோகிறது. அத்தானின் திரையில் கோடு சரிந்து விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

"தள்ளாடிக்கிட்டு நிக்கிறவனை முதுகுல பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு இது," என்பார் அத்தான்.

"தள்ளல அத்தான், உக்கார வைக்குது. வேலை குறைஞ்சா அதுக்குத் தேவையும் குறையும். நீங்க ரத்தம் இல்லாத நேரத்தை மட்டும் அளக்குறீங்க. திரும்பக் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பாருங்க, எந்த இதயம் முதல்ல எழுந்து நிக்குதுன்னு."

"திறந்து விடுற வரைக்கும் ஆள் இருக்கணுமே! உன் கேஸ் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துல்ல இறக்குது. அழுத்தம் இல்லாம அடைப்பைத் தாண்டி ரத்தம் எப்படிப் போகும்?"

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதனால்தான் சண்டை முடியவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, வாரம் தவறாமல் "கேஸ், கேஸ்" என்று சத்தம் கேட்கிறதே என்று விசாரித்துவிட்டு, இரண்டு பேருக்கும் வயிற்றுப் பொருமல் என்று முடிவுகட்டி, சாப்பிட்டதும் வெந்நீர் குடிக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தானுக்கு உடம்பு சரியில்லாமல் போனது வயிற்றில்தான். சோர்வு, எடைக்குறைவு என்று ஆரம்பித்து, கடைசியில் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது. பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். அகலமான தோளும் சின்னக் குரலும் கொண்ட மனிதர் அவர். கத்தியைப் பிடித்தால் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

அறுவைக்கு முன்னால் இதயத்தைப் பார்த்தபோதுதான் வேறு பூதம் கிளம்பியது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்று நீளத்துக்கும் சுருங்கியிருந்தது. குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பி வலை வைக்கவும் இடமில்லை, மாற்றுப் பாதை தைக்கவும் தோதில்லை. இதயத்தின் முன்சுவர் முழுக்க அந்த நூல் போன்ற ஓட்டத்தை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்து நிதானமாகப் பார்க்கலாம் என்றால், கட்டி குடலை அடைக்கும் நிலையில் இருந்தது. தள்ளிப்போட வழியில்லை.

இத்தனை வருஷம் முயல்களின் இதயத்துக்கு ரத்தத்தைக் குறைத்துப் பார்த்தவருக்கு தன் ரத்தக்குழாயின் படத்தைக் காட்டியபோது, அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அச்சு அசலா என் பரிசோதனைதான். நான் திருகி வைக்கிற அளவுகூட அப்படியே இருக்கு," என்றார்.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று மாலையே அக்கா தங்கையின் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"நீதான் மயக்கம் குடுக்கணும்."

"அக்கா, சொந்தக்காரங்களுக்கு நாங்க குடுக்க மாட்டோம். கை நடுங்கும். முடிவு எடுக்க முடியாது. என்னைவிட நல்லா செய்யறவங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்க யாருக்கும் அவரைத் தெரியாது."

"மயங்கிப் படுத்துட்டா தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்ல," என்றாள் அக்கா.

மறுநாள் அத்தானும் அதையே சொன்னார், வேறு காரணத்தோடு. "என்கூட இவ்வளவு காலம் சண்டை போட்டவ நீ ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் நான் சொன்னதுக்குத் தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. தலையாட்டுறவன் கையில என் உசுரைக் குடுக்கச் சொல்றியா?"

துறைத் தலைவர் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். இன்னொரு மயக்க மருத்துவர் கூடவே நிற்க வேண்டும், தங்கை தடுமாறுவதாக அவருக்குப் பட்டால் ஒரு வார்த்தை பேசாமல் இடத்தை விட்டுக் கொடுத்துவிட வேண்டும். அப்படி நிற்க வந்தவரை எல்லோரும் 'சோடாபுட்டி' என்று அழைப்பார்கள். தடித்த கண்ணாடி போட்டவர், தங்கையைவிட வயதில் சிறியவர், யாருக்கும் பயப்படாதவர்.

அறுவைக்கு முந்தைய நாள் தங்கை வார்டுக்குப் போனாள். மற்ற நோயாளிகளிடம் கேட்பதை எல்லாம் அத்தானிடமும் கேட்டாள். ஆடும் பல் உண்டா, ஒவ்வாத மருந்து உண்டா, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார். கடைசியில், எதிர்பார்த்தபடியே விஷயத்துக்கு வந்தார்.

"கேஸ்தானே வைக்கப்போற?"

"ஆமா. வேணாம்னா சொல்லுங்க, ஊசி வழியா மருந்தை விட்டே முழுக்க நடத்திடலாம். அதுவும் நல்ல வழிதான்."

அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் மாடியில் யாரோ தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல. உனக்குப் பழகின வழியிலயே போ. நீ ஒரு வழியை நம்பிக்கிட்டு எனக்காக இன்னொரு வழியில போனா ரெண்டும் கெட்டுடும். ஆனா ஒண்ணு. அழுத்தம் இறங்கினப்புறம் மருந்தைத் தேடாத. முன்னாடியே கையில வச்சுக்கோ. இறங்க ஆரம்பிச்சா கேஸைக் குறைக்கத் தயங்காத. அந்த நேரத்துல என்னை ஜெயிக்கணும்னு நினைக்காத."

"உங்களை ஜெயிக்கிறதுக்கு எனக்கு அறுவை அரங்கு வேணுமா அத்தான்?"

அவர் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. தங்கை அதையும் கவனித்துக்கொண்டாள்.

அரங்கில் முதல் பாதி சத்தமில்லாமல் போனது. அத்தானை மெதுவாக, அழுத்தம் ஆடாமல் உறங்கவைத்தாள். மூச்சுக்குழாய் வைத்தாயிற்று. உணவுக்குழாய் வழியே ஸ்கேன் குழாய் ஒன்றை இறக்கி, இதயத்தின் பின்புறமாக நிறுத்தினாள். திரையில் அத்தானின் இதயம் கருப்பு வெள்ளையில் சுருங்கி விரிந்தது. வாயுவை மிதமான அளவில் வைத்தாள். ரத்தக்குழாயை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் மருந்து அத்தான் சொன்னபடி கைக்கெட்டும் தூரத்தில், ஊசியில் ஏற்றித் தயாராக இருந்தது. அவர் சொல்லாவிட்டாலும் அங்கேதான் இருந்திருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். திரையாகக் கட்டிய பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் அறுவை மருத்துவர் ஏதோ பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முணுமுணுப்பு நின்றது. அந்த அரங்கில் வேலை செய்கிற எல்லோருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும்.

"கட்டி பின்னாடி ஒட்டியிருக்கு. ரத்தம் வருது," என்றார் அறுவை மருத்துவர் தன் சின்னக் குரலில்.

உறிஞ்சும் குழாய் களகளவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. அழுத்தம் சரியத் தொடங்கியது. துடிப்பு எகிறியது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே சமமாக ஓட வேண்டிய கோடு திரையில் தொய்ந்து கீழே இறங்கியது. ஸ்கேனில் இதயத்தின் முன்சுவர் முதலில் தயங்கியது, பிறகு நின்றே விட்டது. மற்ற சுவர்கள் எல்லாம் உள்ளே வர, அது மட்டும் பேசாமல் நின்றது.

தங்கை வாயுவைப் பாதியாகக் குறைத்தாள். அதே கையால் இறுக்கும் மருந்தைக் கொடுத்தாள். "அமுக்கிப் பிடிங்க, வெட்டாதீங்க. எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்," என்று துணிக்கு மேலாகச் சொன்னாள். அறுவை மருத்துவர் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தார். ரத்தப் பைகள் இரண்டு பக்கமும் இறங்கின. மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் எண் மேலேறியது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அத்தான் அரைத் தூக்கத்துக்கு வந்துவிடுவார், வந்தால் இதயம் இன்னும் வேகமாக ஓடும். எண் அந்த எல்லைக்குக் கிட்டே போய் நின்றது.

அழுத்தம் திரும்பியது. ஆனால் இதயம் திரும்பவில்லை. ஓட்டமும் நடையுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. முன்சுவர் அப்படியே கிடந்தது.

சோடாபுட்டி அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அட்ரினலின் போடலாமா? சுவர் அசையவே இல்லையே."

"வேணாம்."

"பம்ப் பண்ண மாட்டேங்குது மேடம்."

"பசிச்சுக் கிடக்குறதை அடிச்சு ஓட்ட வேணாம். ஓடும், ஓடினாப் பசி இன்னும் ஏறும். அழுத்தம் நிக்குது, மத்த சுவர் தாங்குது. வேகத்தை இறக்குறேன்."

துடிப்பை மெதுவாக்கும் மருந்தைத் துளியளவு விட்டாள். பிறகு வாயுவின் குமிழைப் பிடித்து, அழுத்தத்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏற்றினாள். சோடாபுட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இடத்தை விட்டுக் கொடு என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவர் அவள் கையைப் பார்த்தார். கை நடுங்கவில்லை. அவர் பேசாமல் அடுத்த ரத்தப் பையை எடுக்கப் போனார்.

துடிப்பு இறங்கியது. தொய்ந்த கோடு அடம்பிடித்துக்கொண்டு மேலே வந்தது. முன்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் எதுவும் இல்லை. பிறகு ஓர் ஓரம் உள்பக்கமாக அசைந்த மாதிரி தெரிந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று சோடாபுட்டியைப் பார்த்தாள்.

"அசையுது," என்றார் அவர்.

"அமுக்கினது போதும்," என்றாள் தங்கை துணிக்கு மேலாக. "இனி உங்க வேலையைப் பாருங்க."

கட்டியை எடுத்து முடிக்கும்வரை அறுவை மருத்துவர் முணுமுணுக்கவே இல்லை. தையல் போடும்போதுதான் மறுபடி ஆரம்பித்தார்.

அத்தான் பிழைத்தார். இதயத்தின் முன்சுவர் சில நாள் அதிர்ச்சியில் இருந்த மாதிரி சோம்பிக் கிடந்துவிட்டு, பெரும்பகுதி வேலைக்குத் திரும்பியது. ஒரு சின்னப் பகுதி திரும்பவே இல்லை. தீவிர சிகிச்சை அறையில் தொண்டைக் குழாயை எடுத்ததும் அவர் கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வச்ச?" என்பதுதான்.

தங்கை சொன்னாள். எப்போது குறைத்தாள், எப்போது ஏற்றினாள் என்பதையும் சொன்னாள்.

"குறைச்சதானே? நான் சொன்னேன்ல?" என்றார் அத்தான்.

"திரும்ப ஏத்தினேன்ல?"

"ஏத்தாம இருந்தாலும் சரியாகியிருக்கும். ரத்தம் ஏத்தின, அழுத்தம் வந்துச்சு, தானா எழுந்துச்சு. கேஸுக்கு இதுல என்ன பங்கு?"

"இருக்கலாம். கேஸ் இல்லாம, அசையாம நிக்கிற அந்தத் துண்டும் பிழைச்சிருக்கலாம். அது இருந்ததாலதான் மிச்சம் பிழைச்சிருக்கலாம். ஒரே ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்ல முடியாது அத்தான்."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார். கட்டிலின் அந்தப்பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை அவள் சட்டத்தை நினைவுபடுத்தவில்லை.

அவர் வார்டுக்கு மாறிய பிறகு, மருத்துவமனையின் காபிக் கடையில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நடந்ததை அக்கா சோடாபுட்டியிடம் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அக்கா. "அந்தச் சுவர் நின்னு போச்சுன்னு பார்த்தியே, அப்ப உனக்கு என்ன தோணுச்சு? என்னை நினைச்சியா? அவரைப் பத்தி ஏதாவது?"

தங்கை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அக்காவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒண்ணும் தோணல அக்கா. அழுத்தம், துடிப்பு, சுவர், இதுதான் இருந்துச்சு. அது யாருன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாருன்னே ஞாபகம் இல்லையா?"

"இல்ல. தையல் போட ஆரம்பிச்சப்புறம்தான் அது அத்தான்னு..."

"உனக்கு அவரைத் தெரியும்னுதானே உன்கிட்டக் குடுத்தேன்?" என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். காபி அப்படியே இருந்தது.

அதன் பிறகு அக்கா பேசவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. தங்கை தொலைபேசியில் கூப்பிட்டால் அத்தானிடம் கொடுத்துவிடுவாள். வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து, "வா, உள்ள இருக்கார்," என்று மட்டும் சொல்வாள். அத்தானிடம் சொன்னபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். "நீ சொன்னதுல எனக்கு ஒண்ணும் தப்பாப் படல. ஆனா என் அபிப்பிராயத்தை யாரு கேட்டா?" என்றார்.

தங்கைக்கு அது முள்ளாக உறுத்தியது. வேறு நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், தான் சொன்னதில் என்ன குறை என்று யோசித்தாள். எதைச் சொல்லியிருந்தால் அக்காவுக்குச் சமாதானமாகியிருக்கும் என்பது தெரிந்தே இருந்தது. அது உண்மையாக இருந்திருந்தால் அன்று கை நடுங்கியிருக்கும். இதை அக்காவிடம் போய் விளக்கலாம் என்று இரண்டு முறை கிளம்பி, பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அக்காவே கூப்பிட்டாள்.

"இன்னைக்கு வேலை இருக்கா?"

"இல்ல அக்கா."

"அவருக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது. படுக்கையைக் கீழ் அறைக்கு மாத்தணும். அந்தக் கட்டில் கனமா இருக்கு, என் ஒருத்தியால முடியாது. வர்றியா?"

தங்கை போனாள். அத்தானைக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்த்திவைத்து, எழுந்தால் தெரியும் என்று மிரட்டி வைத்திருந்தாள் அக்கா. இருவரும் மாடியில் கட்டிலைக் கழற்றினார்கள். திருகாணி ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. அக்கா அதன் மேல் எண்ணெய் விட்டு, கொஞ்சம் ஊறட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ அன்னைக்குச் சொன்னது எனக்குப் பிடிக்கல," என்றாள் திருகாணியைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்."

"இப்பவும் பிடிக்கல."

"சரி."

"அவர் ராத்திரி தூங்குறப்ப மூச்சு வருதான்னு நான் எழுந்து எழுந்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்ப உன்னை நினைச்சேன். ஞாபகமே இல்லாம எப்படித்தான் உக்காந்திருந்தியோ?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அக்கா திருகாணியை மறுபடி முறுக்கிப் பார்த்தாள். இந்த முறை நெகிழ்ந்தது.

தலைப்பக்கப் பலகையைத் தங்கை முன்னாலும் அக்கா பின்னாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். திருப்பத்தில் அது சுவரில் இடித்து நின்றது.

"அந்தப் பக்கம் தூக்கிச் சாய்ச்சுப் பிடிங்க!" என்று கீழேயிருந்து அத்தான் கத்தினார்.

"நீங்க வாயை மூடிட்டு உக்காருங்க!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பலகையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, நிமிர்த்தி, மறுபடி இறக்கினார்கள். அது திருப்பத்தைத் தாண்டிவிட்டது.